கேரம் காய்க்கு ஒரு பெட்டி
(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

மலருக்குக் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அது வராது. அதனால் நம் லேபில் உள்ள 3டி பிரிண்டரில் கேரம் காய்களுக்கு ஒரு பெட்டி செய்ததையும், அது சரியாக வருவதற்குள் பட்ட பாட்டையும் எழுதுகிறேன்.

என் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மதியம் சவாரி இல்லாத நேரத்தில் அப்பாவின் ஸ்டாண்டில் கேரம் ஓடும். காய்கள் ஒரு மஞ்சள் பையில் கிடக்கும். ஒரு நாள் சிவப்புக் காயைக் காணோம். முதல் நாள் கடைசியாகப் பையைக் கட்டியவர் ஒரு பெரியவர். யாரோ அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட, அவர் ஒரு வாரம் ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. காய் பிறகு ஓர் ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "ஏதோ மிஷின்ல பொருள் செய்யறோம்னு சொன்னியே, திறந்த உடனே காய் குறையுதா இல்லையான்னு தெரியற மாதிரி ஒரு டப்பா வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் வம்பு ஆரம்பம்!

ஒரு செட்டில் வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1, மொத்தம் 19 காய்கள், கூடவே ஸ்ட்ரைக்கர். சர்வதேசக் கேரம் விதிப்படி காயின் விட்டம் 30.2 முதல் 31.8 மி.மீ. வரை, கனம் 7 முதல் 9 மி.மீ. வரை இருக்கலாம். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 41.3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

முதலில் நிமிர்ந்து நிற்கும் குழாய்களாக வரைந்தேன். ஒரு காயை வெர்னியரில் பிடித்தால் 31.1. துளைக்கு 31.3 கொடுத்தேன். பிரிண்ட் ஆகி வந்ததும் அளந்த அந்தக் காயே உள்ளே போகவில்லை! காரணம் இதுதான். கம்ப்யூட்டர் நம் வட்டத்தைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைத்துத்தான் மிஷினுக்குத் தருகிறது. அந்தக் கோடுகள் வட்டத்துக்கு உள்பக்கமாக விழும். உருகிய பிளாஸ்டிக்கும் வளைவில் போகும்போது உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆக, துளை எப்போதும் வரைந்ததைவிடச் சிறிதாகத்தான் வரும். விதியின் பெரிய அளவான 31.8-ஐ எடுத்து அதற்கு மேல் 0.8 விட்டேன். எந்தக் காயும் போனது. ஆனால் போன காயை வெளியே எடுக்க விரல் நுழையவில்லை. (மெஸ்ஸில் ஊறுகாய் பாட்டிலில் கரண்டி இல்லாத நாள் நினைவுக்கு வந்தது.)

குழாயை விட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட் மாதிரி காய்கள் படுத்திருக்கும் அரைவட்டப் பள்ளமாக மாற்றினேன். காயின் மேல்பாதி வெளியே தெரியும், எடுக்கவும் சுலபம். இப்போது பள்ளத்தின் நீளம் என்ன? நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விதியின் பெரிய கனத்தை வைத்தால் 9 காய்க்கு 81 மி.மீ. சிறிய கனத்தை வைத்தால் 63. வித்தியாசம் 18! அதாவது எல்லாச் செட்டும் பொருந்தட்டும் என்று 81-க்குப் பெட்டி செய்தால், மெல்லிய காய் செட்டில் 9 காயும் இருக்கும்போதே இரண்டு காய்க்கு இடம் காலியாகக் கிடக்கும். ஒரு காய் தொலைந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்பா கேட்டது அடிபட்டுப் போகிறது. விட்டத்துக்கு விதியை நம்பலாம், ஏனென்றால் அங்கே ஆட்டம் 1.6 மி.மீ.தான். நீளத்துக்குக் கையில் உள்ள செட்டைத்தான் நம்ப வேண்டும்.

அதிலும் அவசரப்பட்டேன். ஒரு காயை அளந்து 8.0 என்று வைத்து, 9-ஆல் பெருக்கி, 1 மி.மீ. கூட்டி 73 போட்டேன். ஒன்பதாவது காய் நட்டுக்கொண்டு நின்றது. ஒன்பதையும் சேர்த்து அடுக்கி அளந்தால் 74.2! ஒரு காயில் செய்த சின்னத் தப்பு ஒன்பது மடங்காகிவிட்டது. கருப்பு வரிசையும் ஏறக்குறைய அதே அளவு. கடைசியில் இரண்டுக்கும் 76 வைத்தேன். ஒரு காய் குறைந்தால் 10 மி.மீ. அளவுக்கு இடைவெளி, தூரத்திலிருந்தே தெரியும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சுவர் 1.2 மி.மீ., அதாவது 0.4 நாசில் மூன்று சுற்று. மூடிக்குப் பக்கத்துக்கு 0.3 இடைவெளி. மூடியில் ஸ்டாண்டின் பெயரைத் தமிழில் பொறிக்க ஆசைப்பட்டு 6 மி.மீ. உயரத்தில் எழுத்துப் போட்டேன். சுழிகளெல்லாம் அடைந்து மண்புழு மாதிரி வந்தது. 14 மி.மீ. ஆக்கியதும் படிக்க முடிந்தது.

பெட்டி ஸ்டாண்டுக்குப் போயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். நாலாம் நாள் அப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மே மாத வெயிலில் ஆட்டோ கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்; மூடி அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. நான் போட்டது பி.எல்.ஏ. பிளாஸ்டிக். அது சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். பெட்டி எங்கே இருக்கப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. லேப் மேஜை மேல் அது நன்றாகத்தான் இருந்தது! மறுபடி பி.இ.டி.ஜி.யில் போட்டேன். அது சுமார் 80 டிகிரி வரை தாங்கும். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்ததைப் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மழை, வெயில் எல்லாம் பார்த்து இன்றும் அதே பெட்டிதான் அங்கே இருக்கிறது.

போன மாதம் கருப்பு வரிசையில் ஒரு காய் அளவுக்கு இடைவெளி. ஆட்டம் முடிந்த இடத்திலேயே தேடி, போர்டு ஸ்டாண்டின் காலடியில் எடுத்துவிட்டார்களாம். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை மூடியது அந்தப் பெரியவர்தான் என்று அப்பா சொன்னார்.

ஹாஸ்டல் செட்டுக்கும், சதுரங்கக் காய்களுக்கும் பெட்டி வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை மதியம் லேபில் இருப்பேன். அளவை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள். செட்டையே கொண்டு வாருங்கள். வைக்கப் போகும் இடத்தில் வெயில் படுமா என்பதையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.