மிஞ்சிய கால்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மலைமேல் கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் கிடந்த ராஃபியா கயிறு ஒரு கோழிக்குஞ்சின் காலைச் சுற்றி இறுக்கியதையும், கால் கறுத்துக் காய்ந்துபோனதால் பாதித் தொடையோடு எடுத்துவிட நேர்ந்ததையும் எழுதியிருந்தாய். தையல் நன்றாக ஆறிவருகிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய்.

தொடை வரை எடுத்தது சரியான முடிவு. முட்டிக்குக் கீழே குட்டையாக ஒரு துண்டை விட்டு வைத்திருந்தால், அதை ஊன்றி நடக்கப் பார்த்துத் தினமும் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். இனி நீ தையலையே பார்த்துக்கொண்டிருக்காதே. அந்தப் புண் இரண்டு மூன்று வாரத்தில் தானாக மூடிவிடும். மிஞ்சிய காலைப் பார். இரண்டு பாதங்கள் பங்கிட்டுச் சுமந்த பாரத்தை இனி வாழ்நாள் முழுக்க அந்த ஒன்றுதான் சுமக்கப்போகிறது. ஒற்றைக்கால் கோழியை நாம் இழப்பது பெரும்பாலும் வெட்டிய இடத்தால் அல்ல, வெட்டாத காலால்தான்.

பம்பிள்ஃபுட் என்று நீ படித்த உள்ளங்கால் புண்ணை இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார். முதலில் தோலின் சொரசொரப்பு மறைந்து வழவழப்பாகும், பளபளக்கும். பிறகு சிவக்கும். அப்போதே படுக்கையை மாற்றி மெத்தென்று ஆக்கினால் திரும்பிவிடும். நடுவில் கறுப்புப் பொருக்கு தெரிந்துவிட்டால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள். அதைப் பிதுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. கோழியின் சீழ் மனிதச் சீழைப் போல ஒழுகாது. அதைக் கரைக்கும் நொதி கோழியின் வெள்ளணுக்களில் இல்லாததால், பன்னீர்க்கட்டியைப் போலத் திரண்டு நிற்கும். பிதுக்கினால் வெளியே வராது, இன்னும் ஆழமாகப் போகும்.

தரையைப் பற்றிக் குஞ்சை வளர்க்கும் வீட்டுக்காரரிடம் விரிவாகப் பேசு. பெட்டியில் செய்தித்தாள் விரிப்பதுதான் வழக்கம், ஆனால் தாளில் பாதம் வழுக்கி அந்தக் கால் பக்கவாட்டில் விலகிப்போகும். பூத்துவாலையின் நூல் வளையத்தில் நகம் மாட்டும். கயிறு மாட்டிக் காலை இழந்த குஞ்சுக்கு மறுபடியும் நூலா? வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு, அதன்மேல் மரச்சீவலைக் கனமாகப் பரப்பச் சொல். மாவு மாதிரி இருக்கும் மரத்தூள் வேண்டாம், அது மூச்சிலும் புண்ணிலும் போகும். குஞ்சு களைத்துச் சாயும்போது நெஞ்செலும்பு தரையில் அழுந்திப் புண்ணாகும். ஒரு மெல்லிய துணியைச் சுருட்டி வளையமாக்கி வைத்தால் அதில் அணைந்து உட்காரும். துணித் தொட்டிலில் தொங்கவிட்டு நிற்கப் பழக்குகிறவர்களும் உண்டு. செய்யலாம், கொஞ்ச நேரம் மட்டும், பக்கத்திலேயே இருந்து. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. தொட்டில் நெஞ்சை இறுக்கினால் சத்தமில்லாமல் மூச்சு முட்டிவிடும். கையில் தூக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

கியா பார்ம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே மலையடிவாரத்துத் தாப்பாவில் வளரும் குஞ்சுக்குச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது, இங்கே இரவு 15 டிகிரிக்கு இறங்கும், பனிமூட்டத்தின் ஈரம் வேறு. சிறகு முழுதாக முளைக்காத குஞ்சு, புண்ணை ஆற்றச் செலவிட வேண்டிய சக்தியையெல்லாம் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவழித்துவிடும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு வைக்கச் சொல். மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும், வேண்டிய இடத்துக்கு அதுவே நகரும். நகர முடியாத முதல் சில நாள் மட்டும் வீட்டார் கவனித்து நகர்த்த வேண்டும்.

ஈயைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. காய்கறித் தோட்டங்களில் கோழி எரு கொட்டும் நாட்களில் மலை முழுக்க ஈதானே. ஒற்றைக்கால் குஞ்சால் எச்சமிடச் சரியாகக் குந்த முடியாது. வால் பக்கம் எச்சம் அப்பிக்கொள்ளும், அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்த வேண்டும். பெட்டிக்குக் கொசுவலை கட்டாயம்.

கோழிக்கு வலிக்காது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது சொல்வார்கள். கோபப்படாமல் எடுத்துச் சொல். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நொண்டும் பிராய்லர் கோழிகளுக்கு இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள், ஒன்றில் கார்புரோஃபென் என்ற வலி மருந்து. நொண்டும் கோழிகள் மருந்து கலந்ததைத் தேடித் தின்றன. நொண்டல் கடுமையாக ஆக, தின்ற மருந்தும் கூடியது. வலித்தாலும் கோழி கத்தாது. கண்ணை மூடிச் சிறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கும், தீனியைக் கொத்துவதுபோலக் கொத்தி விழுங்காமல் விட்டுவிடும். இரவில் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல். நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது வெறுமையாக இருக்க வேண்டும். வலி மருந்தை மூன்றாம் நாளே நிறுத்திவிடாதே. வீட்டில் இருக்கிற மனித மாத்திரையை நசுக்கிப் போடவும் விடாதே. புண் ஆறிய பிறகும் அந்த இடத்தையே அது கொத்திக்கொண்டிருந்தால் கெட்ட பழக்கம் என்று தள்ளிவிடாதே. அலகு நறுக்கிய கோழிகளில் வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சாகத் திரண்டு, யாரும் தொடாமலே துடிப்பதை ப்ரூவர்ட், ஜென்டில் இருவரும் 1985இல் ஸ்காட்லாந்தில் கண்டறிந்தார்கள். காலிலும் அப்படி நேரலாம்.

இன்னொன்று, பாடத்தில் வராதது. கோழி ஒரு காலில் நின்று மறுகாலால் தலையைச் சொறியும். இந்தக் குஞ்சால் இனி அது முடியாது. கண்ணோரத்திலும் காதோரத்திலும் பேனும் உண்ணியும் சேர்ந்தால் தட்டிவிட அதற்கு வழியில்லை. வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடு. தலையைத் தடவிப் பார்ப்பதும் மெல்லச் சொறிந்துவிடுவதும் அவர்களுக்குப் பிடித்த வேலையாகிவிடும். மண்ணைக் கிளறித் தின்னவும் முடியாது என்பதால் தீனியும் நீரும் நெஞ்சு உயரத்தில், எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தனியாக வைத்தால் கத்தியே இளைத்துவிடும். கூட்டத்தோடு விட்டால் சிவந்த புண்ணை மற்றவை கொத்திவிடும். கம்பிவலைக்கு இப்புறம் இது, அப்புறம் கூட்டம் என்று வைத்தால் ஒன்றையொன்று மறக்காது. புண் மூடிய பிறகு சாதுவான ஒரே ஒரு தோழியை முதலில் உள்ளே விடு.

இது கம்போங் கோழியாக, அதாவது நாட்டுக்கோழியாக, இருந்தது நல்லதாயிற்று. பிராய்லர் ஐந்தே வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும், ஒற்றைப் பாதம் அதைத் தாங்காது. இதுவும் பாவப்பட்ட குஞ்சு என்று சோறும் சோளமுமாக ஊட்டி ஊதவிட்டுவிடுவார்கள். அந்த அன்பை மறுக்காதே, கீரையின் பக்கம் திருப்பிவிடு. வாரந்தோறும் எடை பார். எலும்புக்கு நல்லது என்று முட்டைக்கோழித் தீவனம் போடவும் கூடாது. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் நேராக வளர்கிறதா, வளைகிறதா என்று எடை பார்க்கும் அன்றே பார்த்து எழுதி வை. உறங்கும் கட்டை தரையிலிருந்து நாலு விரல் உயரம் போதும், அதுவும் தட்டையாக. மேலிருந்து குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரே பாதத்தில்தான் இறங்கும்.

இத்தனை செய்தும் கால் வளைந்து, பாதம் புண்ணாகி, எழுந்திருக்க முடியாமல் போகலாம். தின்னாமல், நகராமல், தோழியைப் பார்த்தும் அசையாமல் கிடந்தால், மருந்து கொடுத்து நிம்மதியாகப் போகவிடுவதும் உன் கடமைதான். அதைத் தள்ளிப்போடாதே. செய்யும் முன் வீட்டாரை உட்காரவைத்துப் பேசு. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே.

பெட்டையாக இருந்து நன்றாக வளர்ந்துவிட்டால், சேவலை அண்ட விடாதே. சேவலின் பாரத்தை ஒற்றைக் காலால் தாங்க முடியாது. முட்டையிடத் தொடங்கியபின் எப்போது மருந்து கொடுக்க நேர்ந்தாலும், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடு. அப்படியே தோட்டத்துக்காரர்களிடமும் ஒரு வார்த்தை: பந்தலில் வேண்டாத ராஃபியா துண்டுகளை அன்றன்றே பொறுக்கிப் பையில் போடச் சொல். அந்த லயத்தில் இன்னும் எத்தனையோ குஞ்சுகள் மேய்கின்றன.

அன்புடன்,
உன் அக்கா