இந்த எண் எங்கிருந்து வந்தது?

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்டர்நெட் இல்லை. டெக்னீஷியன் வரணும்னா காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். அதுவரை கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்க்கலாமா? வேண்டாம். இந்த எண்ணை இங்கே வைத்தது யார் என்று முதலில் பாருங்கள்.

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம் இல்லையா, அது மாதிரிதான். பட்டாவில் ஒன்று இருக்கும், அனுபவத்தில் வேறு இருக்கும். நெட்வொர்க் சாதனத்திலும் நாம் எழுதி வைத்தது வேறு, உண்மையில் ஓடுவது வேறு. இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2018 மார்ச்சில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 8342, ஓடும் ஒவ்வொரு மதிப்புக்கும் 'ஆரிஜின்', அதாவது பிறப்பிடம், குறிக்க வழி சொன்னது.

நிர்வாகி கொடுத்தது 'இன்டெண்டெட்'. சாதனம் தானாகவே வைத்திருப்பது 'சிஸ்டம்', 127.0.0.1 முகவரி கொண்ட லூப்பேக் இந்த வகை. யாரும் எதுவும் சொல்லாததால் முன்கூட்டி எழுதிய மதிப்பே நிற்பது 'டிஃபால்ட்'. 'டைனமிக்', 'அன்நோன்' என்றும் உண்டு. நம் மையங்களில் அவற்றுக்கு அதிகம் வேலை இல்லை.

நமக்கு முக்கியம் 'லேர்ன்டு', அதாவது பிற சாதனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் கணினியின் ஐ.பி. முகவரி பெரும்பாலும் டி.எச்.சி.பி. மூலம் ரௌட்டர் தந்ததாக இருக்கும். அதை அழித்துவிட்டுக் கையால் ஒரு எண்ணைப் போட்டால் இன்று ஓடலாம். நாளைக்கு ரௌட்டர் அதே எண்ணைப் பக்கத்துக் கணினிக்குக் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால்? ரௌட்டர் பதில் தரவில்லை, கணினி தானே ஒன்றை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையும் ரௌட்டரையும் பாருங்கள். கணினியைத் தொட வேண்டியதில்லை. முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? டி.என்.எஸ். எண்ணை முன்பு யாராவது கையால் போட்டிருக்கிறார்களா பாருங்கள். இணைப்பு மாறினாலும் அந்தப் பழைய எண் அப்படியே நிற்கும்.

போனில் புகார் சொல்லும்போது, "நெட் வரலைங்க" என்பதோடு நிறுத்தாமல், எந்த எண், ரௌட்டர் தந்ததா, கையால் போட்டதா என்றும் சொல்லுங்கள். எந்தச் சாமானோடு மலையேறுவது என்று அவர் அங்கேயே முடிவு செய்துகொள்வார்.