தொலைந்த ஊசி, தொலையாத கதை

கோழி ஏன் தரையைக் கிளறுகிறது? இரை தேடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆப்பிரிக்காவில் இதற்கு ஒரு கதை உண்டு.

முன்பு ஒரு காலத்தில் கோழியும் கழுகும் தோழிகளாக இருந்தன. அப்போது எந்தப் பறவைக்கும் பறக்கத் தெரியாது. ஒரு சமயம் பஞ்சம் வந்தது. கழுகு இரை தேடி வெகுதூரம் நடந்தது. கால் ஓய்ந்து திரும்பியது. "சுலபமாகப் போய்வர ஒரு வழி வேண்டுமே" என்று புலம்பியது.

கோழிக்கு ஒரு யோசனை தோன்றியது. உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கிச் சேர்த்தது. "இவற்றை நம் உடம்பில் வைத்துத் தைத்துக்கொள்வோம்" என்றது. ஊசி கழுகிடம் மட்டுமே இருந்தது. கழுகு முதலில் தைத்துக்கொண்டது. உயரப் பறந்தது.

பிறகு கோழி ஊசியை இரவல் வாங்கியது. கொஞ்சம் தைத்தது. அலுப்பு வந்தது. ஊசியை வைத்துவிட்டு, குஞ்சுகளுக்குச் சமைக்கப் போய்விட்டது. மற்றப் பறவைகள் வந்து ஊசியைக் கேட்டன. ஒவ்வொன்றாக வாங்கித் தைத்துக்கொண்டன. வானமெங்கும் பறவைகள் பறந்தன. கடைசிப் பறவை ஊசியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது கோழி அங்கே இல்லை. குஞ்சுகள் ஊசியை வைத்து விளையாடின. மணலில் போட்டுவிட்டன.

கழுகு வந்து ஊசியைக் கேட்டது. தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. "ஒரு நாள் பொறு, தேடித் தருகிறேன்" என்று கோழி கெஞ்சியது. "கிடைக்காவிட்டால் ஒரு குஞ்சைக் கொடுக்க வேண்டும்" என்றது கழுகு. அன்று முதல் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. கழுகின் நிழல் விழுந்தால் குஞ்சுகளைக் கூவி எச்சரிக்கிறது.

இரவல் கொடுத்த ஊசி தொலைந்துவிட்டது. ஆனால் இந்தக் கதை தொலையவில்லை. பல நாடுகளைச் சுற்றி வந்திருக்கிறது. பல மொழிகளில் புத்தகமாகியிருக்கிறது. அது எப்படி நடந்தது?

புத்தகம் இல்லாத மொழிகள்

ஆப்பிரிக்கா ஒரு நாடு அல்ல. அது ஒரு கண்டம். அதில் 54 நாடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 2000 மொழிகள் பேசப்படுகின்றன. உகாண்டா என்ற ஒரு நாட்டில் மட்டும் 40 மொழிகள் வழங்குகின்றன.

இந்த மொழிகளில் கதைக்குப் பஞ்சம் இல்லை. பழமொழி, விடுகதை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் படிக்கப் புத்தகம் இல்லை. பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. சில நாடுகளில் பிரெஞ்சு மொழியில் இருந்தன. சிலவற்றில் போர்ச்சுக்கீசிய மொழியில் இருந்தன. இவை முன்பு அந்த நாடுகளை ஆண்டவர்களின் மொழிகள்.

ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு மொழி பேசுகிறது. பள்ளியில் வேறு மொழியில் புத்தகத்தைத் திறக்கிறது. எழுத்தைக் கூட்டிப் படிக்கிறது. பொருள் தெரியவில்லை. வாய் படிக்கிறது. மனம் படிக்கவில்லை.

வயது வந்தபின் படிக்கக் கற்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பஸ் பலகையில் நம் ஊர்ப் பெயரை முதன்முதலாகக் கூட்டிப் படிக்கிறோம். தெரிந்த சொல்லாக அது வந்ததும் மனம் மகிழ்கிறது. அதே எழுத்துகள் தெரியாத மொழியில் இருந்தால்? அந்த மகிழ்ச்சி வருமா?

குழந்தைக்கு முதலில் தாய்மொழியில் கற்பிப்பதே நல்லது என்று யுனெஸ்கோ அமைப்பு 1953இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. உகாண்டா அரசு 2007இல் ஒரு புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதன்படி முதல் மூன்று வகுப்புகளிலும் அந்தந்த வட்டார மொழியில் கற்பிக்கலாம்.

முடிவு நல்ல முடிவுதான். ஆனால் புத்தகத்துக்கு எங்கே போவது? சில லட்சம் பேர் மட்டும் பேசும் மொழியில் புத்தகம் அச்சிட்டால் லாபம் வராது. ஆகவே பதிப்பாளர்கள் முன்வரத் தயங்கினார்கள்.

கூடிச் செய்த வேலை

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே சைடே என்ற கல்வி நிறுவனம் இயங்குகிறது. இந்த நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக். ஆப்பிரிக்கக் கதைப் புத்தகம் என்று பொருள். பிரிட்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை இதற்குப் பண உதவி செய்தது. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் முதலில் சோதனை நடந்தது. 2014இல் இணையதளம் தொடங்கப்பட்டது.

இணையம் என்பது உலகில் உள்ள கம்ப்யூட்டர்களையும் செல்போன்களையும் இணைக்கும் வலை. இணையதளம் என்பது அந்த வலையில் உள்ள ஓர் இடம். அதை ஒரு பொது நூலகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூலகப் புத்தகத்தை ஒருவர் எடுத்துப் போனால் மற்றவருக்குக் கிடைக்காது. இங்கே ஆயிரம் பேர் எடுத்தாலும் புத்தகம் அங்கேயே இருக்கும்.

இந்த நூலகத்தில் மூன்று வேலைகள் செய்யலாம்.

முதல் வேலை, படிப்பது. கதையைச் செல்போனில் படிக்கலாம். இறக்கி வைத்துக்கொள்ளலாம். தாளில் அச்சிட்டுத் தைத்துச் சிறு புத்தகமாக்கலாம்.

இரண்டாவது வேலை, மொழிபெயர்ப்பது. உகாண்டாவின் வடமேற்கில் அருவா என்ற ஊர் இருக்கிறது. அங்கே லுக்பாரா மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள ஓர் ஆசிரியர் ஆங்கிலக் கதையை எடுக்கலாம். படத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வரிகளை மட்டும் லுக்பாரா மொழியில் எழுதலாம். புத்தகம் தயார்.

மூன்றாவது வேலை, புதிதாக எழுதுவது. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதையை ஆசிரியர் எழுதலாம். பிள்ளைகளும் எழுதலாம்.

இந்த மூன்றாவது வேலைதான் முக்கியம். இங்கே ஆசிரியர் புத்தகத்தை வாங்குபவர் மட்டும் அல்ல. புத்தகத்தைச் செய்பவரும் அவரே.

இங்கே பழங்கதைகள் மட்டும் இல்லை. வங்காரி மாத்தாய் என்ற கென்யப் பெண்மணியின் கதையும் இருக்கிறது. அவர் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் திரட்டி மரம் நட்டார். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே. அவர் கதையைத் தன் மொழியில் படிக்கும் சிறுமிக்கு என்ன தோன்றும்? நம்மாலும் முடியும் என்று தோன்றும்.

இன்று இந்தத் தளத்தில் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன.

யாரிடம் அனுமதி கேட்பது?

ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுக்கலாமா? பொதுவாகக் கூடாது. எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் அனுமதி இல்லாமல் அச்சிடுவது குற்றம்.

ஆனால் எழுதியவரே முன்கூட்டி அனுமதி தரலாம். "என் கதையை எடுங்கள். மொழிபெயருங்கள். மற்றவருக்கும் கொடுங்கள். என் பெயரை மட்டும் போடுங்கள்" என்று சொல்லலாம். இதற்குத் திறந்த உரிமம் என்று பெயர். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2002இல் இத்தகைய உரிமங்களை வெளியிட்டது. "விற்று லாபம் பார்க்கக் கூடாது" என்ற நிபந்தனையும் சில உரிமங்களில் உண்டு.

எனவே இது திருட்டு அல்ல. கொடுத்தவர் மனமறிந்து கொடுத்தது. எடுத்தவர் எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் மறைக்கக் கூடாது. அதுதான் நேர்மை.

வந்த தடைகள்

வேலை சுலபமாக நடந்துவிடவில்லை.

பல பள்ளிகளில் மின்சாரம் இல்லை. இணையத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால் இணைப்பு கிடைக்கும் இடத்தில் கதைகளை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அவற்றை அச்சிட்டு வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் இருந்தாலும் தாளும் வேண்டும்.

எழுதுவதிலும் சிக்கல் இருந்தது. சில மொழிகளில் எழுத்து முறை இன்னும் உறுதியாகவில்லை. ஒரே சொல்லை ஓர் ஊரில் ஒரு விதமாகச் சொல்வார்கள். அடுத்த ஊரில் வேறு விதமாகச் சொல்வார்கள். எதை எழுதுவது? மொழி தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் எழுதினால் பிழை வரும். பிழையான புத்தகம் ஆயிரம் பேருக்குப் போகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. "ஆங்கிலம் படித்தால்தானே வேலை கிடைக்கும்? தாய்மொழி எதற்கு?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பிள்ளையின் பிழைப்பைப் பற்றிய கேள்வி இது. இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. தெரிந்த மொழியில் படிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வரும். படிக்கும் பழக்கம் ஒரு முறை வந்தால் போதும். அது எல்லா மொழிக்கும் உதவும்.

ஆசிரியருக்கும் துணை

பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். பல நாடுகளில் ஆசிரியர்கள் குறைவு. வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் பயிற்சி பெற எல்லோராலும் முடியாது.

இதற்காக 2005இல் டெஸ்ஸா என்ற கூட்டு முயற்சி தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து பாடக் குறிப்புகளை உருவாக்கின. மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியலும் கலையும், வாழ்க்கைத் திறன் என ஐந்து பிரிவுகள் அவற்றில் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, சுவாகிலி ஆகிய மொழிகளில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன.

அவற்றை அப்படியே ஒப்பிக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கில் வேறு நாட்டுக் காசு வருகிறதா? ஆசிரியர் தம் நாட்டுக் காசை வைத்து மாற்றிக்கொள்ளலாம். தெரியாத பயிர் வருகிறதா? தம் ஊர்ப் பயிரை எழுதிக்கொள்ளலாம். அடிப்படை ஒன்று. உதாரணம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

வாங்கியவர் கொடுத்தவர் ஆனார்

ஏழை நாடுகள் எப்போதும் வாங்கும், பணக்கார நாடுகள் எப்போதும் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கதைகள் அந்த நினைப்பை மாற்றின.

கனடாவில் வான்கூவர் என்ற நகரம் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆப்பிரிக்கத் தளத்திலிருந்து 40 கதைகளை எடுத்தார்கள். பல நாடுகளிலிருந்து கனடாவில் குடியேறியவர்களின் மொழிகளில் அவற்றைத் தந்தார்கள். நோர்வே மொழியிலும் அவை வந்தன. அந்த 40 கதைகளில் கோழியும் கழுகும் கதையும் ஒன்று. ஆப்பிரிக்கா கொடுத்தது. கனடா வாங்கியது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015 செப்டம்பர் 8 அன்று ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் தொடங்கியது. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். இந்தத் தளத்திலும் கதைகளைப் படிக்கலாம். மொழிபெயர்க்கலாம். எழுதலாம். தமிழும் இதில் உண்டு. ஆப்பிரிக்கக் கதைகள் இந்தத் தளத்துக்கு வந்தன. இந்தியக் கதைகள் ஆப்பிரிக்கத் தளத்துக்குப் போயின. இரண்டு பக்கமும் கொடுத்தன. இரண்டு பக்கமும் வாங்கின. யாருக்கும் எதுவும் குறையவில்லை.

கழுகின் ஊசி ஒன்றே ஒன்று. அதனால் தொலைந்ததும் பகை வந்தது. எழுதி வைத்த கதை அப்படி அல்ல. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது அது இரண்டாகிறது. ஆனால் எழுதாமல் விட்ட கதை ஊசியைப் போன்றது. அதைத் தெரிந்த பெரியவர் போனால் கதையும் போய்விடும். பிறகு கிளறினாலும் கிடைக்காது.

சொல்லும் பொருளும்

கண்டம்: பல நாடுகள் அடங்கிய பெரிய நிலப்பகுதி
பதிப்புரிமை: எழுதியவருக்குத் தம் எழுத்தின் மீது உள்ள உரிமை
திறந்த உரிமம்: மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே தரும் அனுமதி

பதில் சொல்லுங்கள்

1. உகாண்டாவில் 2007இல் என்ன மாற்றம் வந்தது?
2. இணைய நூலகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் என்ன வேறுபாடு?
3. பிறர் கதையை எடுத்துப் பயன்படுத்தும்போது எதை மறைக்கக் கூடாது?
4. "ஆங்கிலம் படித்தால்தானே வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் வயதான ஒருவரிடம் ஒரு கதை கேளுங்கள். பத்து வரியில் எழுதுங்கள். கதை சொன்னவர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். உங்கள் மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.