பிந்தி ஓடும் குதிரை மெதுவான குதிரையா?

சவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. அது அமைந்துள்ள வேலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் பொங்கலையொட்டி மாடு விடும் விழா நடைபெறும். காளைகள் தெருவில் ஒவ்வொன்றாக ஓடும். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த வினாடிகளில் கடக்கும் காளைக்கே முதற்பரிசு. ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடுவதால் காளை தன் முழு வலிமையையும் ஒரே மூச்சில் செலவிடலாம். ஆகவே அதன் திறனை அறிய ஒரே ஓர் எண் போதும்.

குதிரைப் பந்தயமோ ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரம் நீளும். சில குதிரைகள் தொடக்கத்திலேயே முன்னால் பாயும்; சில பின்தங்கி வந்து இறுதியில் முந்தும். இவற்றை எவ்வாறு ஒப்பிடுவது?

ஒரே குதிரை, இரண்டு ஓட்டங்கள்

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செக்ரட்டேரியட் என்ற குதிரை இரண்டு பெரும் பந்தயங்களில் வென்றது. மே மாதம் கென்டக்கி டெர்பியில் (1¼ மைல்) அது கடைசியாகப் புறப்பட்டு எல்லாரையும் முந்தியது. ஜூன் மாதம் பெல்மான்ட் பந்தயத்தில் (1½ மைல்) தொடக்கம் முதலே முன்னணியில் ஓடியது. ஒவ்வொரு கால் மைலுக்கும் (402 மீட்டர்) அது எடுத்துக்கொண்ட வினாடிகளைப் பாருங்கள்:

முதல் கால் மைல்: டெர்பி 25.2, பெல்மான்ட் 23.6
இரண்டாவது: 24.0, 22.6
மூன்றாவது: 23.8, 23.6
நான்காவது: 23.4, 24.4
ஐந்தாவது: 23.0, 24.8
மொத்தம்: 119.4, 119.0

1¼ மைலுக்கான மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. சராசரி வேகம் இரண்டிலும் வினாடிக்குச் சுமார் 17 மீட்டர். ஆனால் ஓடிய விதம் நேர்மாறானது! டெர்பியில் முதல் அரை மைலில் வேகம் வினாடிக்கு 16.4 மீட்டர், கடைசி அரை மைலில் 17.3 மீட்டர். பெல்மான்ட்டிலோ முதல் அரை மைலில் 17.4, நான்காம், ஐந்தாம் கால் மைல்களில் 16.4. சராசரி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பகுதி நேரங்களே அதை வெளிக்காட்டுகின்றன.

வேகம் ஏன் குறைகிறது?

மிக விரைந்து ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் கிடைப்பதில்லை. எனவே தசைகள் தம்மிடமுள்ள கிளைக்கோஜனை ஆக்சிஜன் இன்றியே சிதைத்து ஆற்றலின் ஒரு பகுதியைப் பெறுகின்றன. இதை நெடுநேரம் தொடர முடியாது. முன்னே ஓடும் குதிரை காற்றின் தடையையும் நேராக எதிர்கொள்கிறது. பின்னால் வருவதற்கு அந்தத் தடை சற்றுக் குறைவு.

கண் ஏமாற்றும்

கற்பனையாக இரண்டு குதிரைகளை எடுத்துக்கொள்வோம். முன்னோடும் குதிரை முதல் கால் மைலை 23 வினாடியிலும் கடைசிக் கால் மைலை 27 வினாடியிலும் ஓடுகிறது. பின்னோடும் குதிரைக்கு அவை 25, 26 வினாடிகள். முடிவில் பின்னது பாய்ந்து வருவதுபோல் தோன்றும். உண்மையில் அதன் வேகமும் குறைந்துதான் இருக்கிறது. மற்றதைவிடக் குறைவாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. டெர்பியில் செக்ரட்டேரியட் ஒவ்வொரு கால் மைலையும் முந்தியதைவிட விரைவாக ஓடியது. இது மிக அரிது.

கணக்கிடும் முறை

பகுதி நேரங்கள் பெரும்பாலும் முதலில் செல்லும் குதிரைக்கே குறிக்கப்படும். பின்னால் வருவதற்கு நாம் கணக்கிட வேண்டும். அரை மைலை முதற் குதிரை 48 வினாடியில் கடந்தது என்க. மற்றொன்று பத்துக் குதிரை நீளம் பின்னே இருக்கிறது. ஒரு நீளம் சுமார் 2.5 மீட்டர் எனக் கொண்டால் இடைவெளி 25 மீட்டர். வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் இதைக் கடக்க ஏறத்தாழ 1.6 வினாடி ஆகும். ஆகவே அதன் நேரம் 49.6 வினாடி.

இன்னொரு எச்சரிக்கை: ஈரத்தரையும் காய்ந்த தரையும் ஒரே வேகத்தைத் தருவதில்லை. வெவ்வேறு நாளில், வெவ்வேறு திடலில் கிடைத்த எண்களை ஒப்பிடுமுன் அன்று அங்கு ஓடிய மற்றக் குதிரைகளின் நேரங்களையும் பார்க்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளித் திடலில் 400 மீட்டர் தூரத்தை நான்கு பகுதிகளாகக் கல் வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு கல்லருகிலும் கடிகாரத்துடன் ஒரு நண்பர் நிற்கட்டும். முதல் நாள் தொடக்கத்திலேயே விரைந்து ஓடுங்கள். மறுநாள் ஒரே சீராக ஓடுங்கள். எதில் மொத்த நேரம் குறைகிறது? கடைசி நூறு மீட்டரில் என்ன நிகழ்கிறது? விடையை உங்கள் கால்களே சொல்லும்.