உறக்கத்தில் நிற்கும் மூச்சும் உடலுக்குள் தெறிக்கும் பொறியும்

“இரவு முழுவதும் நன்றாகக் குறட்டை விட்டுத்தான் தூங்குகிறார், டாக்டர். பகலிலும் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்து விடுகிறார்” என்று கணவரைப் பற்றி மனைவியர் கூறுவதைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் வந்த காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். மூன்று மாத்திரைகள் உட்கொண்டும் அடங்காத இரத்த அழுத்தம், விடியற்காலைத் தலைவலி, கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவற்றுக்காக வந்திருப்பார்கள். குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவது நம் மக்களிடையே ஊறிப்போன எண்ணம். குறட்டை என்பது மூச்சுப்பாதை குறுகிவிட்டதன் ஓசை. அந்த ஓசை திடீரென அடங்கி, சிறிது நேரம் கழித்துத் திணறலோடு மீண்டும் எழுமானால், இடையில் மூச்சே நின்றிருந்தது என்று பொருள்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு நாவின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து பாதையை அடைத்துவிடுகின்றன. காற்றோட்டம் 10 விநாடிகளோ அதற்கு மேலோ தடைப்பட்டால் அதனை மூச்சுத்தடை என்கிறோம். மூச்சு முற்றிலும் நிற்பதையும் பெருமளவு குறைவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவோம். 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை. ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. காலையில் நோயாளிக்கு இவற்றுள் ஒன்றுகூட நினைவிருப்பதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்து மக்கள் எப்போதும் குறைந்த ஆக்சிஜனில்தானே வாழ்கிறார்கள்? உண்மை. ஆனால் அவர்களுக்குக் குறைவு சீரானது. உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. மூச்சுத்தடையில் நிகழ்வதோ குறைவதும் உயர்வதும் மாறி மாறி வரும் ஊசலாட்டம். விறகடுப்பின் காற்றை அடைத்தால் புகையும்; ஊதுகுழலால் திடீரென ஊதினால் தீ குப்பென்று எழுந்து பொறி பறக்கும். இரவெல்லாம் இதனைச் செய்துகொண்டிருந்தால் கூரைக்கே ஆபத்து. உயிரணுக்களிலும் இதற்கு ஒப்பானதே நடக்கிறது. ஆக்சிஜன் குறைந்து திரும்பப் பாயும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் சில நொதிகளிலிருந்தும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுதியாகப் பிறக்கின்றன. சிறிதளவில் இவை உடலுக்குத் தேவையானவையே. அணைக்கும் ஆற்றலை மீறிப் பெருகும்போதுதான் அதனை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

அதன் முதல் இலக்கு இரத்தக்குழாயின் உட்சுவர். குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை இம்மூலக்கூறுகள் அழிக்கின்றன. குழாய் இறுகுகிறது; அழற்சி தொடங்குகிறது. கழுத்துத் தமனியருகே ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் அரிசி மணி அளவான உறுப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் பயின்று அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவரும் நந்தூரி பிரபாகர் குழுவினர், இந்த ஊசலாட்டம் அவ்வுறுப்பை அளவுக்கு மீறித் தூண்டுவதையும், அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் காரணமாவதையும் விலங்கு ஆய்வுகளில் காட்டினர். இரவில் தூண்டப்பட்ட நரம்புகள் பகலிலும் அடங்குவதில்லை. மாத்திரைகளுக்கு அடங்காத இரத்த அழுத்தத்தின் மறைபொருள் சிலரிடம் இதுவே.

“அப்படியானால் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் விடை. பொறி பறக்கும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கூரையில் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பானது அது. இந்நோய்க்கு எந்த மாத்திரையும் பொடியும் மூச்சுப்பாதையைத் திறக்கும் சிகிச்சைக்கு மாற்றாக நிறுவப்படவில்லை. அந்தப் பணத்தில் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

நம் மாவட்டத்தில் இந்நோயைப் பேசும்போது ஓட்டுநர்களைப் பேசாமல் இருக்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர்க் கணவாயின் சரிவை அறியாதவர் இங்கில்லை. அங்கு நேரும் விபத்துகளுக்குச் சரிவும் வேகமும் காரணம் என்பது எல்லோரும் அறிந்தது. அத்தகைய சாலையில் மூன்று விநாடி கண்ணயர்ந்தால் என்னாகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும். மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர்கள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தேநீர் இதனைத் தீர்க்காது. பிழைப்புப் போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பவர்களை நான் குறை கூறமாட்டேன். எனினும் சிகிச்சை பெற்றுத் தூக்கக் கலக்கம் நீங்கியபின் பெரும்பாலோர் மீண்டும் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை அவர்தம் குடும்பத்தார் எடுத்துச் சொல்லவேண்டும். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது.

நோயைக் கண்டறிவதில் முதல் சாட்சி அருகில் உறங்குபவரே. ஐந்து நிமிடக் கைபேசிப் பதிவு எங்களுக்குப் பெரிதும் உதவும். பருத்தவர்களுக்கு மட்டுமே வரும் என்று எண்ணவேண்டா. தாடை சிறுத்து உள்வாங்கிய ஒல்லியானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது. பெண்கள் குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, களைப்பு, தூக்கமின்மை என்று மட்டுமே கூறுகிறார்கள்.

சிகிச்சையில் முதன்மையானது சீபேப் கருவி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் ஐந்து நோயாளிகளிடம் இதன் பயனை வெளியிட்டார். மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பதே இதன் வேலை. இது இதயத்தைக் காக்குமா? நேர்மையான விடை சற்றுச் சிக்கலானது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 2,717 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. குறட்டை, பகல் தூக்கம், மனச்சோர்வு ஆகியவை குறைந்தன. ஆனால் அவர்கள் கருவியை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. நோய் மிகக் கடுமையானவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவுமில்லை. பாதி இரவோடு கழற்றிவிட்டால் மீதி இரவில் அடுப்பு மறுபடியும் பொறி கக்கும் என்றே நான் நோயாளிகளிடம் சொல்கிறேன். உடல் எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக மற்றோர் ஆய்வு காட்டியது. ஒருக்களித்துப் படுப்பது நன்று. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். தூக்க மாத்திரைகளுள் பலவும் அவ்வாறே. மருத்துவரைக் கேளாமல் எதனையும் விழுங்கவேண்டா.

கருவி வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஈரப்பதக் கலனில் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள், உப்பு படியும். மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. அதனை நாள்தோறும் மாற்றிக் கலனைக் கழுவிக் காயவையுங்கள். எந்த அறுவைச் சிகிச்சைக்காக எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், மயக்க மருத்துவரிடம் இந்நோயை முன்கூட்டியே தெரிவித்து, கருவியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.