தேனீக்களைக் காப்போம், நம்மையும் காப்போம்

பூசணிக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. தேனீ முதலிய பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்காவிடில் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். நோயுற்றோர்க்கு நாம் பரிந்துரைக்கும் காய்கனிகள் பலவும் இச்சிற்றுயிர்களின் உழைப்பால் விளைபவையே.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் பல குடும்பங்கள் அடுக்குத்தேனீக்களைப் பெட்டிகளில் வளர்த்து வருகின்றன. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய வைரஸ் நோய் ஒன்று இத்தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதியை அழித்தது. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பேணிப் பெருக்கியே இத்தொழில் மீண்டும் தழைத்தது.

நம் வீட்டளவிலும் இப்பணி இயலும். துளசியும் முருங்கையும் தேனீக்களுக்கு உணவளிக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சிலவகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இரையாகும். செடிகள் பூத்திருக்கும் வேளையில் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்ப்போம். தேன்கூட்டுக்குத் தீ வைத்தல் தேனீக்களுக்கும் நமக்கும் கேடு. பயிற்சி பெற்றோரை அழைத்து அகற்றுதலே முறை.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நீக்கிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பல தேனீக்கள் ஒருசேரக் கொட்டினாலும் தாமதமின்றி 108ஐ அழையுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனைச் சிறிதும் புகட்டலாகாது.