அழைத்தால் வரும் தீயணைப்புப் படை

தீயணைப்பு நிலையம் என்றதும், இரவும் பகலும் அங்கேயே காத்திருக்கும் வீரர்கள்தாம் நம் நினைவுக்கு வருவர். ஆனால் அமெரிக்காவில் மின்னசோட்டா, மிச்சிகன் முதலிய மாநிலங்களின் சிறு நகரங்கள் பலவற்றில் நிலையம் பெரும்பாலும் ஆளின்றியே இருக்கும். வீரர் ஒருவர் பள்ளியாசிரியராக இருப்பார். மற்றொருவர் தச்சராக இருப்பார். பேஜர் கருவி ஒலித்ததும் கைவேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கு விரைந்து, வண்டியை எடுத்துச் செல்வர். தீயணைக்கவும் பயிற்சிக்கும் செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே ஊதியம்.

சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் தீ காத்திருக்குமா? கூரையடியில் திரளும் புகையின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடை எட்டினால், அறையிலுள்ள பொருள்கள் யாவும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். நுரைமெத்தைகள் நிறைந்த அறையில் இதற்கு ஐந்து நிமிடம்கூட வேண்டியதில்லை. எரியும் வீட்டினுள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது 1998-இல் வந்த விதி. உயிரைக் காக்கும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பகலிலோ பலர் வெளியூரில் வேலையாயிருப்பர். நால்வர் சேர்வதே அரிது.

ஆகவே அண்டை நகரங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரே அழைப்பில் இரண்டு மூன்று ஊர்ப் படைகளைப் புறப்படச் செய்கின்றன. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அவ்வுடன்படிக்கையே என்பது என் கருத்து. ஆள் குறைந்த ஊரில் வீட்டினுள் சிக்கியவருக்கு அண்டை ஊரே துணை.